தேனியில் மூச்சடக்கி நின்ற கதை

ஜெர்மனியில் ஆராய்ச்சிப் படிப்புக் கேட்டு நாங்கள் போனது தேனி வரைக்கும்தான். 2008ஆம் வருடம், ஒரு செவ்வாய்க்கிழமை. நாங்கள் என்றால் நானும் என் தம்பி மகள் செல்வியும். இயற்பியலில் எம்.எஸ்ஸி. முடித்தவள். உடம்புக்குள் இருப்பதைப் படமெடுக்கும் இயந்திரத்தைப் பற்றி ஆராய்ச்சி; சம்பளமும் கொடுத்துப் படிக்கவும் வைப்பார்களாம். ஏற்கெனவே இரண்டு ஊரில் இடமில்லை என்றுவிட்டார்கள். கூப்பிட்டிருந்த கடைசி இடம் இது. அங்கே இருக்கும் பேராசிரியரோடு கம்ப்யூட்டரில் முகம் பார்த்துப் பேச வேண்டும். தம்பி தோட்டத்தில் மருந்தடித்துக்கொண்டிருந்ததால் துணைக்கு நான்.

காலை பத்து மணிக்குக் காமயகவுண்டன்பட்டியில் டவுன் பஸ் ஏறினோம். என் மடியில் இரண்டு கிலோ பன்னீர்த் திராட்சை, அட்டைப் பெட்டியில். ஒன்று கேட்கப் போகிற இடத்துக்கு வெறுங்கையோடு போவது எங்கள் வழக்கமில்லை.

"கம்ப்யூட்டருக்குள்ள எப்பிடி அத்தே குடுப்பீக?"

"ஏன், காட்டக்கூடவா கூடாது?"

கம்பத்தில் பஸ் மாறினோம். அங்கிருந்து தேனி நாற்பது கிலோமீட்டர். கண்டக்டர் பெட்டியைப் பார்த்து, "எங்கிட்டு ஆத்தா கொண்டு போறீக?" என்றார்.

"ஜெர்மனிக்கு" என்று செல்வி சொல்லிவிட்டாள்.

"அப்ப லக்கேஜு போடணுமே!"

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பினவள்தான், வீரபாண்டி தாண்டும்வரை இந்தப் பக்கம் பார்க்கவில்லை.

மதியம் இரண்டு மணி, தேனியில் ஒரு மாடி பிரவுசிங் சென்டர். அங்கே கேமராவை மாட்டும் இடுக்கி உடைந்திருந்தது. "யாராச்சும் கையில புடிச்சுக்கங்க" என்றார் கடைக்காரர். யாராச்சும் என்றால் நான்தான். கம்ப்யூட்டருக்குப் பின்னால் ஒளிந்து நின்று, கையை மட்டும் மேலே நீட்டிப் பிடித்தேன்.

பேராசிரியர் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். செல்வி முகம் சுண்டிப்போயிற்று.

"அத்தே, படம் ஆடுதாம். மூச்ச அடக்குங்க."

அடக்கினேன்.

அவள் என்ன நினைத்தாளோ, திடீரென்று நிமிர்ந்து உட்கார்ந்து படபடவென்று பேசினாள். "இப்ப விடுங்க." விட்டேன். "மறுபடி அடக்குங்க." அடக்கினேன். என்னை வைத்து என்னவோ நடக்கிறது என்பது மட்டும் புரிந்தது. அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம்.

"அத்தே, உங்களப் பாக்கணுமாம்!"

கேமராவை என் கையிலிருந்து பிடுங்கி என் பக்கம் திருப்பினாள். நான் சட்டென்று பெட்டியைத் தூக்கி முகத்துக்கு நேரே சாய்த்துப் பிடித்தேன். ஜெர்மனிக்காரர் பார்த்தது திராட்சையைத்தான்.

மாலை நான்கு மணிக்குத் திரும்பும் பஸ்ஸில்தான் விளக்கம் கிடைத்தது. படமெடுக்கும்போது நோயாளி மூச்சுவிட்டால் படம் கலைந்துபோகுமாம். அதனால் அடக்கச் சொல்வார்கள். முடியாதவர்கள் என்ன செய்வார்கள்? அவர்களை மூச்சுவிடச் சொல்லிவிட்டு, ஆடின படத்தைக் கணக்குப் போட்டு நேராக்குவதுதான் இவள் செய்ய நினைக்கும் ஆராய்ச்சி. அதற்கு உதாரணமாக என்னையே காட்டிவிட்டாள்.

"என்னடி சொன்னாரு?"

"வரச் சொல்லிட்டாக அத்தே."

எனக்கு மறுபடியும் மூச்சு நின்றது, யாரும் சொல்லாமலே.

வீரபாண்டியில் டிக்கெட் போட வந்தவர் காலையில் பார்த்த அதே கண்டக்டர். "என்ன ஆத்தா, பெட்டி ஜெர்மனிக்குப் போகலயா?"

முன்பின் தெரியாதவர்களிடம் நான் வாய் திறப்பதில்லை. அன்றைக்குத் திறந்தேன்.

"பெட்டி போகல. புள்ள போகுது."

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. ஜன்னல் பக்கம் திரும்பாமல், பெட்டியைத் திறந்து ஆளுக்கொரு சின்னக் கொத்தாகக் கிள்ளிக் கொடுத்தேன்.