வேட்பாளரின் இணையத்தளத்தில் இருந்த கடல்

வெள்ளவத்தையில் என்னைத் தெரியாத ஒருவர் இருக்கிறார் என்றால், அவர் இங்கே குடிவந்து அதிக நாள் ஆகவில்லை என்று அர்த்தம். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கொச்சிக்கடையில் துறைமுகத்துப் பக்கம் புடைவைக் கட்டுகளைத் தோளில் சுமந்தேன். கொட்டாஞ்சேனையில் ஒரு சாமான் அறைக்குள் அதே கட்டுகளின் மேல் படுத்துத் தூங்கினேன். இன்று கொழும்பின் பெரிய தெருவான காலி வீதியில் கண்ணாடிக் கதவு போட்ட புடைவைக்கடை என்னுடையது. யாரும் எனக்குத் தூக்கித் தரவில்லை. இதைச் சொல்லிவிட்டுத்தான் எதையும் சொல்லத் தொடங்குவது என் வழக்கம். நான் சொல்லவந்த விஷயத்தில் அந்த வழக்கத்துக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

முன்பெல்லாம் தேர்தல் வந்தால் வேட்பாளர்கள் என் கடைக்கு வராமல் போனதில்லை. பின்மதியத்தில் வருவார்கள். கடையில் ஆள் குறைந்து, மேலே காற்றாடி மட்டும் சுற்றிக்கொண்டிருக்கும். அரைத் தூக்கத்தில் இருப்பேன். கண்ணாடிக் கதவில் முதலில் வெள்ளையாக ஒரு நிழல் தெரியும். பிறகு அது கைகூப்பும். நான் எழும்பிப் பொன்னாடை போர்ப்பேன். அவருடைய தகப்பனார் காலத்திலிருந்து தொடங்கிப் புகழ்வேன். பால் தேத்தண்ணி வரும். அவர் கோப்பையை வைத்துவிட்டு எழும்பும்போது கையைப் பிடித்து, ஒரே வசனத்தில் கேட்பேன். எழும்புகிற மனிதனுக்கு ‘ஏலாது’ என்று விளக்கம் சொல்ல நேரம் இருக்காது. வீட்டு முன்னால் போகிற எங்கள் ஒழுங்கைக்கு விளக்கு வந்தது அப்படித்தான். கழிவுத்தண்ணி ஓடுகிற கானுக்கு மூடி வந்ததும் அப்படித்தான். படித்தவர்கள் மனு எழுதிக்கொண்டிருந்தார்கள்; நான் தேத்தண்ணி ஊற்றினேன்.

இந்த முறை ஒருவரும் வரவில்லை. கதவில் வெயில் வந்து போனது; நிழல் வரவில்லை.

“இப்ப எல்லாரும் இணையத்தளத்திலதான் நிக்கினம், மாமா” என்றாள் மருமகள். கல்கிசையில் கம்பியூட்டர் கந்தோர் ஒன்றில் வேலை செய்கிற பிள்ளை. என் தொலைபேசியில், முன்பு என் கடைக்கு வந்துபோன ஒருவரின் மகனான வேட்பாளரின் இணையத்தளத்தைத் திறந்து காட்டினாள்.

வியாபாரி என்ற முறையில் சொல்கிறேன், நல்ல கடை. மூன்று மொழியிலும் பெயர்ப்பலகை. தொண்டராகச் சேர ஒரு இடம். நம் முகத்தைக் கட்சி நிறச் சட்டத்துக்குள் போட்டு நண்பர்களுக்கு அனுப்ப ஒரு இடம். கடைசியில் ‘உங்கள் கோரிக்கை’ என்று ஒரு பெட்டி. எல்லாவற்றுக்கும் மேலே, தொலைபேசியின் அகலத்துக்கு, ஒரு கடல். அது அசைந்தது. அலை வந்து கரையில் கரைந்து மறுபடி வந்தது. கரையில் வேட்பாளர் சட்டைக் கையை மடித்துவிட்டுச் சிரித்துக்கொண்டு நின்றார்.

மனைவி என் கையிலிருந்து தொலைபேசியை வாங்கினாள். வேட்பாளரை விரலால் தள்ளித் தள்ளி ஓரமாக்கினாள். கடல் மட்டும் மிஞ்சியது.

“இது எங்கட ஒழுங்கை முடியிற இடத்துக் கடலோ?”

“எல்லாக் கடலும் ஒண்டுதான். இது எதெண்டு ஆருக்குத் தெரியும்?”

“இல்லை, அந்தக் கறுத்தக் கல்லு எங்கட கல்லு மாதிரிக் கிடக்கு.”

எங்கள் ஒழுங்கை நேரே கடலுக்குத்தான் போகிறது. மரைன் டிரைவைக் கடந்தால் ரயில் பாதை, அதைக் கடந்தால் கல், கல்லுக்கு அப்பால் கடல். கல்யாணம் செய்த புதிதில் கடை பூட்டியபின் நானும் அவளும் அந்தக் கல்லில் போய் இருப்போம். பிறகு அவளுடைய முழங்கால் போனது. ரயில் பாதைக்கு ஏறுகிற சிமெந்துப் படி இடிந்து, ஏறுவதற்கு நல்ல கால் உள்ளவர்களே கைகொடுத்துக் கொள்ளவேண்டியிருந்தது. முன்னால் அடுக்குமாடிகளும் எழும்பிவிட்டன. வீட்டில் இருந்தால் கடல் கேட்கும், தெரியாது. காரில் காலிமுகத்திடல் கடற்கரைக்குக் கூட்டிப்போகிறேன் என்றபோது, “அது ஊராற்ற கடல், எங்கட இல்லை” என்று சொல்லிவிட்டாள்.

அன்று பின்னேரம் முழுவதும் அவள் அந்த இணையத்தளத்தை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளிச்சம் மங்க மங்க அவளுடைய மூக்குக்கண்ணாடியின் இரண்டு வில்லையிலும் சின்னதாக அலை வந்து போனது. கைபிடியோடு ஒரு நல்ல படி கட்டித் தரும்படி கேட்பது என்று அப்போதே முடிவெடுத்தேன். அவளிடம் சொல்லவில்லை. வந்தபின் காட்டலாம் என்று இருந்தேன்.

மறுநாள் கடையில் தனியாக இருந்து நானே கோரிக்கை அனுப்பினேன். தொலைபேசியைப் பார்த்துக் கதைத்தால் அதுவே எழுத்தாக்கிக்கொள்ளும். முறைப்படி தொடங்கினேன். நான் யார், எப்படி வந்தேன், கடை எங்கே இருக்கிறது, அவருடைய தகப்பனாருக்கு நான் பொன்னாடை போர்த்த விதம், மகனிடம் தெரிகிற அதே களை, எல்லாம் சொல்லி, கடைசியில் அவர் எழும்பும் நேரம் என்று நினைத்துக்கொண்டு படியைக் கேட்டு, அனுப்பும் பொத்தானை அமத்தினேன். உடனே பதில் வந்தது. கோரிக்கை கிடைத்ததாம்; ஞாயிறு பின்னேரம் வேட்பாளர் இணையத்தளத்தில் நேரடியாகத் தோன்றிப் பதில் சொல்வாராம். என் தொலைபேசிக்கு ஒரு வேட்பாளர் இவ்வளவு விரைவாகப் பதில் போட்டது எனக்கு அதிசயமாக இல்லை.

ஞாயிறு வீட்டு முற்றத்தில் பிளாஸ்டிக் கதிரைகள் போட்டேன். தொலைக்காட்சியை வெளியே கொண்டுவந்து வைத்தேன். தேத்தண்ணி, உளுந்து வடை, கடையிலிருந்து சரிகை போட்ட பொன்னாடை. ஒழுங்கைச் சனம் வந்தது. எதிர் வீட்டு முஸ்லிம் அண்ணர், நாங்கள் நானா என்று கூப்பிடுகிறவர், மருந்துக்கடை வைத்திருக்கிறவர், தொப்பியோடு முன்வரிசையில் இருந்தார். மருமகள் என் தொலைபேசியைத் தொலைக்காட்சியோடு இணைத்துவிட்டாள்.

அதே கடல் வந்தது. கடல் கரைந்து வேட்பாளர் வந்தார். “வணக்கம்” என்றார். நான் பொன்னாடையோடு எழும்பினேன். என்னைப் பார்த்து எல்லோரும் எழும்பினார்கள்.

“முதலாளி, இருங்க. அங்க இருந்து அவருக்கு எங்களப் பாக்க வெளங்காது” என்றார் நானா.

“ஏன் விளங்காது? டுபாயில இருந்து மகன் கதைக்கேக்குள்ள அவன் எங்களைப் பாக்கிறான்தானே.”

“அது மகன். இது கச்சி.”

முற்றமே சிரித்தது. நானும் இருந்தேன். பொன்னாடை மடியில் இருந்தது. வேட்பாளர் தெமட்டகொடையிலிருந்து வந்த ஒரு கேள்விக்குப் பதில் சொன்னார். பிறகு ஒரு தாளைப் பார்த்து, “வெள்ளவத்தையில் இருந்து ஒரு புடைவை வர்த்தகர்” என்று தொடங்கினார். நான் சொன்னதை அப்படியே வாசித்தார். கொச்சிக்கடை வந்தது, கொட்டாஞ்சேனை வந்தது, அவருடைய தகப்பனாரும் வந்தார். “ஐயாவின் அன்பான வாழ்த்துக்கு மிக்க நன்றி” என்று நெஞ்சில் கை வைத்தார். அடுத்த தாளை எடுத்தார்.

எல்லோரும் கைதட்டினார்கள். நான் தட்டவில்லை.

“பிள்ளை, படி எங்க?”

“எந்தப் படி மாமா?” மருமகள் என் தொலைபேசியை வாங்கிப் பார்த்தாள். “இந்தப் பெட்டிக்குள்ள இவ்வளவு எழுத்துத்தான் கொள்ளும். அதுக்கு மேல சொன்னது ஒண்டும் போகேல்லை. தகப்பனாரோட நிண்டிட்டுது.”

என்னைப் போன்றவனுக்குப் பெட்டியைக் கொஞ்சம் பெரிதாகச் செய்திருக்கவேண்டும். என் வழக்கத்தில் குறை இல்லை. முதலில் மரியாதை, பிறகு கோரிக்கை. கொழும்பு அப்படித்தான் நடந்தது.

“அப்பிடி என்னத்த முதலாளி கேட்டது?” என்றார் நானா.

சொன்னேன். ரயில் பாதைக்குப் படி, கைபிடியோடு, இவளுக்குக் கடல் பார்க்க. வேட்பாளர் மட்டும் தொலைக்காட்சியில் வீதி அபிவிருத்தி பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். மனைவி வடைத் தட்டோடு வாசலில் நின்றாள்.

“எனக்கோ கேட்டனீங்கள்?” என்றாள்.

“பின்னை ஆருக்கு?”

நானா எழும்பினார். தான் இருந்த கதிரையைக் கையில் தூக்கி அசைத்துப் பார்த்தார். “தங்கச்சி, இதில இருங்க, கடலுக்குத் தூக்கிட்டுப் போவம். கூட்டத்துக்கு வந்திட்டு ஒண்டும் நடக்காம எழும்பிப் போற பழக்கம் எனக்கில்ல.”

“ஐயோ நானா, சனம் பாத்தால் சிரிக்கும்!”

“சனமெல்லாம் இங்கதானே ஈக்கிது. சிரிச்சி முடிஞ்சிட்டு.”

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு தட்டை மருமகளிடம் கொடுத்துவிட்டு, சேலையை ஒதுக்கிக் கதிரையில் இருந்தாள். நாலு பக்கமும் ஆள் பிடித்தோம். பொன்னாடையை ஒரு தோளில் போட்டுக்கொண்டேன்; முன் கால் ஒன்று என்னுடையது. கட்டுச் சுமந்த தோள், இன்னும் கெடவில்லை. ஒழுங்கையால் போகும்போது அவள் இரண்டு கையாலும் கதிரையைப் பிடித்துக்கொண்டு, விளக்குக் கம்பங்களை அவற்றின் உயரத்துக்குக் கிட்ட இருந்து முதல்முறை பார்ப்பவள் போலப் பார்த்துக்கொண்டு வந்தாள். கல்கிசைப் பக்கம் போகிற ரயில் கடந்து, சத்தம் தேயும்வரை நின்றோம். பிறகு இடிந்த படிக்கு மேலால் அவளை உயர்த்தி, தண்டவாளம் தாண்டி, கல்லுக்குப் பக்கத்தில் இறக்கினோம்.

சூரியன் தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருந்தது. உப்புக் காற்று புகை மாதிரி வந்தது. கறுத்தக் கல் அதே இடத்தில் இருந்தது. குளிரும் என்று, தோளில் கிடந்த பொன்னாடையை எடுத்து அவளுக்குப் போர்த்தினேன். சரிகை அலையோடு சேர்ந்து மினுங்கியது. எங்கே முடிகிறது பொன்னாடை, எங்கே தொடங்குகிறது தண்ணீர் என்று கொஞ்ச நேரம் எனக்குத் தெரியவில்லை.

அப்போதுதான் என் சட்டைப் பையில் வேட்பாளரின் குரல் கேட்டது. புறப்படும்போது மருமகள் தொலைபேசியைத் தொலைக்காட்சியிலிருந்து கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டாள். அவர் இன்னும் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

“இஞ்சேருங்கோ, அவரை நிப்பாட்டுங்கோ” என்றாள் மனைவி. “அலை கேக்கேல்லை.”

எந்த இடத்தை அமத்தினால் நிற்பார் என்று எனக்குத் தெரியாது. தொலைபேசியைப் பொன்னாடையின் நுனியில் நன்றாகச் சுற்றி அவள் மடியில் வைத்தேன். அவருக்கென்று எடுத்த பொன்னாடை, அவருக்கும் கொஞ்சம் போய்ச் சேர்ந்தது. குரல் துணிக்குள் இறங்கி இறங்கிப் போக, அலை மேலே வந்தது.