தவளையைத் தொடாத தங்கையன் சார்

பேராசிரியர் தங்கையன் காலமான செய்தியை அவர் மகள் தொலைபேசியில் சொன்னபோது, "டாக்டர் பாத்தாராம்மா? என்ன சொன்னார்?" என்றுதான் முதலில் கேட்டேன். "தூக்கத்துலயே போயிட்டாங்க மாமா" என்றாள். இரண்டு முறை விசாரிக்காமல் எதையும் நம்புகிறவன் இல்லை நான். அந்தக் குணத்தைக் கேலி செய்துகொண்டே, தஞ்சாவூர்க் கல்லூரியின் வேதியியல் துறையில் என்னோடு பணிக்காலம் முழுவதையும் கழித்தவர் அவர்.

வலங்கைமான் பக்கம் பண்ணையாள் குடும்பத்தில் பிறந்தவர். தென்னமெரிக்கக் காட்டுத் தவளைகளின் தோலில் ஊறும் ஆல்கலாய்டு நஞ்சு ஒன்று உண்டு. அதற்கு நெருங்கிய உறவான ஒரு பொருளை, தவளையே இல்லாமல், சாதாரண ரசாயனங்களிலிருந்து படிப்படியாகக் கட்டியெழுப்புவதே அவர் ஆராய்ச்சி. நரம்புகள் வேலை செய்யும் விதத்தை அறிய அது உதவும். ஊர் இதை நம்புமா? ஒருவர் சாக்கு நிறைய வயல் தவளைகளோடு ஆய்வுக்கூட வாசலுக்கே வந்துவிட்டார்.

"சாருக்குத் தவளை வேணும்னு சொன்னாங்க."

"நான் தவளையத் தொட்டதே இல்லீங்க. வாய்க்கால்ல விட்டுடுங்க."

வந்தவர் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

கழக ஆட்சி வந்த புதிது. நில உச்சவரம்புப் பேச்சும் கூலிப் போராட்டமும் ஊர்களை இரண்டாக்கியிருந்தன. அவர் ஊர் மிராசுதாரின் மாடுகள் ஒரு காலையில் செத்துக் கிடந்தன. சார் செய்த தவளை விஷத்தை வைத்தார்கள் என்று, விவசாயச் சங்கத்தில் இருந்த அவருடைய சித்தப்பா மகனையும் இன்னும் இருவரையும் போலீஸ் பிடித்துப் போயிற்று.

பொருளைச் சோதனைக்குக் கொடுத்து, மாடுகளின் வயிற்றில் இருந்தது அது இல்லை என்று காட்டினால் அவர்கள் தப்பலாம். ஆனால் பல வருஷ உழைப்பில் தேறியது, குடுவையின் அடியில் ஒட்டியிருந்த சிறிது பிசின். சோதனைக்குப் போனால் திரும்பி வராது.

"பாதியக் குடுங்க, போதும்" என்றேன்.

"மீதிய எதுக்கு ஒளிச்சு வச்சேன்னு கேப்பாங்க. முதல்ல நீங்களே கேப்பீங்களே!"

குடுவையோடு கொடுத்துவிட்டார். மாடுகளின் வயிற்றில் இருந்தது வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்து என்று தெரிந்தது. அதை வைத்தது யார் என்பதில் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. மிராசுதார் இப்போது உயிரோடு இல்லை, ஆகவே எழுதவில்லை. மூவரும் வீடு திரும்பினார்கள். சார் மறுபடி முதலிலிருந்து தொடங்கி முடிப்பதற்குள், வெளிநாட்டில் வேறு யாரோ செய்து முடித்துவிட்டார்கள்.

விஷம் செய்யத் தெரிந்தவர் என்ற பேச்சு மட்டும் ஊரில் தங்கிவிட்டது. அவரால் வெளியே வந்த தம்பிகூட அவர் வீட்டுக் காபியைத் தொடமாட்டார். "இப்பத்தாண்ணே குடிச்சேன்" என்பார்.

"மேலத்தெருவுல எங்களுக்குத் தண்ணி குடுக்க மாட்டாங்க. எங்க தெருவுல என் கையால வாங்க மாட்டாங்க" என்று சார் ஒருமுறை என்னிடம் சிரித்தபடி சொன்னார்.

அவரை ஊருக்கே கொண்டுபோனோம். அந்தத் தெருவே திரண்டு நின்றது. இத்தனை பேரும் எதற்கு வந்தார்கள் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். ஆத்திரமாகத்தான் இருந்தது. வாய்க்கரிசி போட அழைத்தார்கள். முதலில் வந்தவர் அந்தத் தம்பி. பின்னால் வரிசை நீண்டது. அவர் கையால் ஒரு மிடறு வாங்கிக் குடிக்காதவர்கள் எல்லாரும் அவர் வாயில் அரிசி இட்டார்கள். நான் அழுதுவிட்டேன்.

அவர் யாரையும் மறுக்கவில்லை. போய் வாருங்கள், சார்.