எடின்பரோவுக்கு மாப்பிள்ளை விசாரிக்கப் போனவர்

ஹவுகெட்டோவில் இருக்கிற குலேந்திரனைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்லித் தொடங்கலாம் என்று பார்த்தால், பஸ்ஸை நேரத்துக்கு ஓட்டுவார் என்பதைத் தவிர வேறொன்றும் சட்டென்று வாயில் வரவில்லை. முப்பது வருடமாக ஒஸ்லோவில் பஸ் ஓட்டுகிறார். பனியோ மழையோ, தரிப்பிடத்தில் ஒரு சனம் அவருக்காகக் காத்து நின்றதில்லை. வீட்டு விஷயங்களுக்குத்தான் பிந்துவார். மகள் மயூரா பிறந்தபோது ஆஸ்பத்திரிக்குப் பிந்திப் போனவர், அவள் ஒருவனை விரும்புகிறாள் என்பதை ஜீரணிக்க ஒன்பது மாதம் எடுத்ததில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது?

அவர் குடிக்கமாட்டார். அதாவது, மனைவி புஷ்பராணிக்கு அவர் அப்படித்தான் சொல்லிவைத்திருக்கிறார். கலியாண வீடுகளில் மாப்பிள்ளை மணவறைக்கு வந்து இருந்ததும், "ஒரு கோல் கதைச்சிட்டு வாறன்" என்று மண்டபத்தை விட்டு வெளியே போவார். வாகனத் தரிப்பிடத்தில் யாரோ ஒருவருடைய காரின் டிக்கி திறந்திருக்கும். உள்ளே போத்தல், கடதாசிக் கோப்பைகள், பொரித்த இறைச்சி. சுற்றிவர எட்டுப் பத்து ஆண்கள் குளிரில் நடுங்கிக்கொண்டு நின்று, தாலி கட்டும் மேளம் கேட்கிறதா என்று காதைத் தீட்டி வைத்திருப்பார்கள். மேளம் கேட்டதும் ஏலக்காயை வாயில் போட்டுக்கொண்டு அட்சதை போட ஓடுவார்கள். மண்டபத்தில் இருக்கும் பெண்கள் அத்தனை பேருக்கும் இது தெரியும். தெரியாது என்று நினைத்துக்கொண்டிருப்பது ஏலக்காய் சப்புகிறவர்கள் மட்டும்தான்.

மயூரா மிருக வைத்தியம் படிக்க எடின்பரோவுக்குப் போனவள், படிப்பு முடிந்ததும் அங்கேயே வேலை எடுத்துக்கொண்டாள். போன நத்தாருக்கு வீட்டுக்கு வந்தபோது, சாப்பாட்டு மேசையில், "அப்பா, எனக்கு ஒரு ஷாரஸ்த இருக்கிறார்" என்றாள். காதலன் என்பதற்கு நொர்வேஜியச் சொல்லைப் போட்டுத்தான் சொன்னாள். தகப்பனின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைத் தமிழில் எந்தப் பிள்ளைதான் சொல்லும்? பொடியன் ஸ்கொட்லாந்துக்காரனாம். கல்லம் என்று பெயராம். பழைய கட்டடங்களுக்குக் கல்லுப் பொளிந்து திருத்துகிறவனாம்.

"மேசனோ?" என்றார் குலேந்திரன்.

அவ்வளவுதான் கேட்டார். கையைக் கழுவிக்கொண்டு எழும்பிப் போனவர், மயூரா பெட்டியைத் தூக்கிக்கொண்டு விமான நிலைய ரயிலுக்குப் போகும்வரை அறையை விட்டு வெளியே வரவில்லை. அதற்குப் பிறகு தகப்பனும் மகளும் ஒரு சொல் கதைக்கவில்லை. தாய் மட்டும் குளியலறைக்குள் தண்ணீரைத் திறந்துவிட்டுக் கைபேசியில் கதைப்பாள். அப்படிக் கதைத்து வந்த ஒரு நாள் செய்தியைச் சொன்னாள். ஒக்டோபரில் பதிவுக் கலியாணமாம், வந்தால் வரட்டாம், வராவிட்டால் விடட்டாம்.

 மகளின் பிடிவாதம் யாருடைய பிடிவாதம் என்று குலேந்திரனுக்குத் தெரியாதா என்ன? இந்தக் கலியாணத்துக்குப் போகாவிட்டால் அவள் இனி இந்த வாசற்படி மிதிக்கமாட்டாள். போவதென்றாலோ, ஒன்பது மாதம் முறுக்கிக்கொண்டு நின்ற மனிதர் எந்த முகத்தோடு போவது? அதற்கு ஒரு சாட்டு வேண்டும். ஊரில் பெண் கொடுக்கும் தகப்பனுக்கென்று ஒரு மரியாதையான வேலை இருக்கிறது: மாப்பிள்ளையை விசாரிப்பது. நம்பிக்கையான ஒரு ஆளைப் பொடியனின் ஊருக்கு அனுப்ப வேண்டும். அவர் சலூனிலும் தேத்தண்ணிக் கடையிலும் கள்ளுத் தவறணையிலும் மெல்லக் கதை கொடுத்து, ஆள் எப்படி, குடும்பம் எப்படி என்று அறிந்து வருவார். குலேந்திரனையும் அப்படித்தான் விசாரித்தார்கள். மாமனார் அனுப்பிய ஆள் இவருடைய ஊரான கொக்குவில் சந்தியில் இறங்கி, முதலில் கண்ட இளைஞனிடம் குலேந்திரன் எப்படிப்பட்டவர் என்று கேட்டார். கேட்கப்பட்டவர் குலேந்திரனேதான். தங்கமான பொடியன் என்று அவர் தனக்குத்தானே கொடுத்த அத்தாட்சியில்தான் அந்தக் கலியாணம் நடந்தது.

எடின்பரோவுக்கு யாரை அனுப்புவது? யாரை அனுப்பினாலும் விமானம் இறங்கமுன் கதை ஒஸ்லோவில் எங்கள் சனம் கூடுகிற ட்வெய்ட்டாவுக்கு வந்துவிடும். எனவே தானே போகத் தீர்மானித்து, துணைக்குப் பூபாலசிங்கத்தைப் பிடித்தார். பூபாலசிங்கம் மட்டக்களப்பு ஆள், தபால் பகுதியில் வேலை. போத்தல் லேபிளில் ஸ்கொட்லாந்து என்ற பெயரைப் பார்த்த நாளிலிருந்து அந்த நாட்டுக்கு ஒரு முறை போய்க் கும்பிட வேண்டும் என்றிருந்தவர். ஊர் பார்க்கப் போகிறோம் என்று வீட்டில் சொன்னார்கள். புஷ்பராணி வறுத்த மிளகாய்த்தூள் இரண்டு பை கட்டி, "வழியிலை ஆரையும் கண்டால் குடுங்கோ" என்று பெட்டியில் வைத்தாள். விமான நிலையத்தில் சோதித்த பெண் அதை முகர்ந்து பார்த்துவிட்டுத் தும்மிய தும்மலில் பின்னால் நின்ற வரிசை கலைந்தது.

எடின்பரோவைச் சும்மா சொல்லக்கூடாது, வடிவான ஊர்தான். மலையில் கோட்டை. கோட்டையிலிருந்து கீழே அரண்மனை வரைக்கும் கல்லுப் பதித்த ஒரு நீளத் தெரு, இரண்டு பக்கமும் புகைபிடித்துக் கறுத்த வீடுகள். பாவாடை கட்டிய ஆண்பிள்ளைகள் மூலைக்கு மூலை நின்று தோல்பைக் குழல் ஊதுகிறார்கள். பூபாலசிங்கம் கோட்டையை வாசலில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, பார்த்தாயிற்று என்றார். செத்த எசமானின் கல்லறையைக் காத்திருந்ததாகச் சொல்லப்படும் ஒரு நாய்க்கு அந்த ஊரில் சிலை வைத்திருக்கிறார்கள். எல்லோரும் அதன் மூக்கைத் தடவுவதைப் பார்த்துவிட்டு பூபாலசிங்கமும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கால்டன் குன்றில் பெரிய தூண்களோடு ஒரு மண்டபம் காசில்லாமல் பாதியில் நிற்கிறது. எங்கள் ஆட்களின் கோயில் திருப்பணிதான், சந்தேகமே இல்லை என்றார். ஆர்தர் சீட் என்ற மலையை இருவரும் ஒரு பப்பின் ஜன்னலால் ஏறி இறங்கினார்கள். அங்கே விஸ்கியை அளவுக் கிண்ணத்தில் அளந்து ஊற்றியதைக் கண்டு பூபாலசிங்கத்துக்கு மனமே விட்டுப்போயிற்று. பிள்ளைக்கு மருந்து கொடுக்கிற மாதிரிக் கொடுக்கிறார்கள் என்று தலையில் அடித்துக்கொண்டார்.

அந்தப் பப்பில்தான் குலேந்திரன் விசாரணையைத் தொடங்கினார். புஷ்பராணியின் கைபேசியிலிருந்து களவாகத் தன்னுடையதற்கு அனுப்பி வைத்திருந்த கல்லமின் படத்தைக் காட்டி, இந்தப் பொடியனைத் தெரியுமா என்று ஊற்றிக்கொடுத்தவனிடம் கேட்டார். ஐந்து லட்சம் சனம் இருக்கிற ஊரில், கொக்குவில் சந்தியில் கேட்கிற மாதிரி. அவன் முகம் மாறி, ஆள் காணாமல் போய்விட்டதா, கடைசியாக எப்போது கண்டீர்கள் என்று கேட்டான். நான் ஒரு நாளும் காணவில்லை என்றார் இவர் உள்ளதை உள்ளபடி. அவன் பொலிசுக்குக் கோல் அடிக்கட்டுமா என்றான். பூபாலசிங்கத்துக்கு விஷயம் அப்போதுதான் விளங்கியது.

"மச்சான், தேங்காய்க்கு வெலை கேக்க ஆஸ்பத்திரிக்கா போற? பொடியன் இரிக்கிற ஏரியாவுக்குப் போய்க் கேளு."

அடுத்த நாள் ட்ராமில் ஏறி லீத்துக்குப் போனார்கள். அது துறைமுகப் பக்கம். கல்லமின் வீடு அங்கேதான் என்று புஷ்பராணி ஒரு முறை தண்ணீர்ச் சத்தத்துக்கு மேலால் கதைத்தது இவர் காதில் விழுந்திருந்தது. ஆற்றங்கரையில் பச்சைக் கதவோடு சின்னதாய் ஒரு பப். உள்ளே மேசைக்கு ஒரு கிழவன், கிழவனுக்கு ஒரு நாய். எமிலி என்ற ஐம்பது வயதுப் பெண் பியர் ஊற்றிக்கொண்டு நின்றாள். குலேந்திரன் தொண்டையைச் செருமிக்கொண்டு படத்தை நீட்டினார். அவள் படத்தைப் பார்த்தாள். இவரைப் பார்த்தாள்.

"ஒஸ்லோ?" என்றாள். "பஸ்?"

இவர் தலையாட்டினார். அவள் பப் முழுவதற்கும் கேட்கும்படி, "மயூராவின் அப்பா வந்துவிட்டார்" என்றாள். கிழவர்கள் திரும்பினார்கள். நாய்களும் எழும்பி நின்றன.

பிறகு நடந்ததைக் குலேந்திரன் இன்றைக்கு நினைத்தாலும் காது சூடாகும். அந்தக் கடைக்குள் அவரைப் பற்றித் தெரியாதது ஒன்றுமில்லை. கார் டிக்கி தெரியும், கடதாசிக் கோப்பை தெரியும், ஏலக்காய்கூடத் தெரியும். ஒரு கிழவன் சிரித்துக்கொண்டு, இங்கே கதிரையில் இருந்தே குடிக்கலாம் என்று இடம் காட்டினான். பெற்ற மகள் மானத்தைக் கப்பலேற்றிவிட்டாளே என்று குலேந்திரனுக்குக் கோபம் தலைக்கேறியது. எழும்பிப் போயிருப்பார். பூபாலசிங்கம் அதற்குள் ஒரு நாயை மடியில் வைத்துக்கொண்டு இருந்துவிட்டார்.

அப்போது இன்னொரு கிழவன் எழும்பித் தொப்பியைக் கழற்றினான். பள்ளிக்கூடத்துப் பேச்சுப் போட்டியில் நிற்கிற மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, கல்லம் சூதாடமாட்டான், கை நீட்டமாட்டான், தாய்க்கு மரியாதை கொடுப்பான், பரம்பரையில் நோய் வருத்தம் ஏதுமில்லை என்று ஒப்பித்தான். இன்னொருவன், தேவாலயத்துக் கூரையில் அவன் வைத்த கல்லு இன்னும் நூறு வருடம் அசையாது என்றான். குடியா? வெள்ளிக்கிழமைகளில் தகப்பனோடு வந்து இரண்டு கிளாஸ், இதோ இந்த மேசையில்தான் என்றாள் எமிலி. மூலையில் இருந்தவனுக்கு மட்டும் பாடம் வரவில்லை. பொடியன் குறட்டை விடுவான், மீன்பிடிக்கப் போனபோது கேட்டேன் என்று சொல்லி மற்றவர்களிடம் ஏச்சு வாங்கினான்.

இதையெல்லாம் யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டார் குலேந்திரன்.

யார் சொல்லிக் கொடுப்பார்கள்? மயூராதான். இங்குள்ள நாய்களுக்கெல்லாம் அவள்தான் வைத்தியர். தை மாதத்திலேயே வந்து எல்லோருக்கும் சொல்லிவைத்துவிட்டாளாம். எங்கள் ஆட்கள் பெண்ணைக் கொடுக்க முதல் மாப்பிள்ளையை விசாரிப்பார்கள், என்ர அப்பா கட்டாயம் ஆள் அனுப்புவார், வந்தால் உண்மையைச் சொல்லுங்கள் என்று. எமிலி கிளாஸைத் துடைத்துக்கொண்டே மிச்சத்தையும் சொன்னாள்.

"வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை கேட்பாள், யாராவது வந்து விசாரித்தார்களா என்று. இல்லை என்று சொல்லிச் சொல்லி எங்களுக்கே வெட்கமாகப் போய்விட்டது. வெறுத்தவர்கள்தான் விசாரிக்கமாட்டார்கள் என்று ஒரு நாள் சொன்னாள். கோடைக்குப் பிறகு அவள் கேட்பதில்லை."

குலேந்திரனின் கோபம் போன இடம் தெரியவில்லை.  ஒன்பது மாதமாகத் தான்தான் கோபித்துக்கொண்டிருப்பதாக நினைத்திருந்தார். அவள் காத்துக்கொண்டிருந்திருக்கிறாள். இப்படியும் ஒரு விசரன் உலகத்தில் இருப்பானா என்று தன்னையே ஏசிக்கொண்டார். பூபாலசிங்கம் கைபேசியை எடுத்து அவருடைய கையில் வைத்தார்.

மணி இரண்டு தரம் அடித்ததும் மயூரா எடுத்தாள்.

"பிள்ளை, அப்பா கதைக்கிறன்."

அந்தப் பக்கம் எங்கோ ஒரு பூனை கத்தியது.

"பொடியனைப் பற்றி விசாரிச்சனான்."

"என்ன சொன்னவை?" குரல் கீச்சென்று வந்தது.

"எல்லாம் நல்லாத்தான் சொல்லுகினம். குறட்டை விடுவானாம்."

அவள் சிரித்தாளா அழுதாளா என்று குலேந்திரனுக்குப் பிடிபடவில்லை. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பிறகு கேட்டாள்.

"ஆரை அப்பா அனுப்பினியள்?"

"ஒருத்தரையும் அனுப்பேல்லை, பிள்ளை. நான்தான் வந்தனான்."