கயிற்றை இழுக்கும் காலை

என் கணவர் இறந்த பிறகு, தோட்டத்து ஓரப் புல்லை வெட்ட அவர் வைத்திருந்த பெட்ரோல் மிஷின் மாடிப்படிக்குக் கீழே துருப்பிடித்துக் கிடந்தது. பெரம்பலூர் வீட்டில் நான் மட்டும்தான். பேச ஆளில்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை வெளியே இழுத்துப் போட்டேன்.

ஸ்பார்க் பிளக்கை உப்புத்தாளால் தேய்த்தேன். கார்புரேட்டரில் கோந்து மாதிரி உறைந்திருந்த பழைய பெட்ரோலைக் கழுவினேன். அவர் செய்வது போலவே புதுப் பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்றி, ஸ்டார்ட் செய்யும் கயிற்றை இழுத்தேன். கை வலித்ததுதான் மிச்சம். வீம்புக்கு இன்னொரு முறை இழுத்தேன். தெருவே அதிரும்படி உறுமியது.

எதிர்வீட்டு செல்வி ஓடிவந்தாள். பார்த்தால் தலையாட்டுவதோடு சரி, அவ்வளவுதான் எங்கள் பழக்கம். சண்டைக்குத்தான் வருகிறாள் என்று மிஷினை அணைத்தேன்.

“ஏன் டீச்சர் நிறுத்திட்டீங்க? உங்க வூட்ல ஒரு சத்தமும் கேக்காது. கேட்ல தொங்குற பையிலருந்து பால் பாக்கெட்ட எடுத்துட்டீங்களான்னு பாத்துத்தான், நல்லாருக்கீங்கன்னு தெரிஞ்சுக்குவேன். இத டெய்லி ஒருக்கா போடுங்க, போதும்.”

மறுபடி கயிற்றை இழுத்தேன்.

புல்லை அன்றே வெட்டி முடித்துவிட்டேன். இப்போது வெட்ட ஒன்றுமில்லை. ஆனாலும் தினமும் காலையில் கயிற்றை இழுக்கிறேன். எதிர்வீட்டு ஜன்னல் திறந்ததும் அணைத்துவிடுகிறேன்.