நடுவில் ஒரு மடக்கு தண்ணீர்

என் ஓரகத்தியைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதுகிறேன் என்றால் எங்கள் வீட்டில் யாரும் நம்ப மாட்டார்கள். குளியலறை வாளியிலிருந்து ஜன்னல் திரை வரைக்கும் நாங்கள் இருவரும் சண்டை போடாத பொருள் அந்த வீட்டில் இல்லை. அவள் என் கணவரின் அண்ணன் மனைவி. நான் அக்கா என்று கூப்பிடுவேன். கோபம் வந்தாலும் அக்காதான், சத்தம் மட்டும் கொஞ்சம் கூடும்.

அக்காவுக்கு வேலை பேருந்து நிலையத்தில். எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது, எப்போது கிளம்பும் என்று மைக்கில் சொல்லும் அறிவிப்பாளர். டிரைவர்கள் அவளுக்கு வைத்த பேர் வெண்கலம். வீட்டிலும் அதே குரல்தான். உப்பு டப்பா எங்கே என்று அவள் கேட்டால் பக்கத்து வீட்டுக்காரரும் எழுந்து தேடுவார்.

அந்தப் பழைய நிலையத்தில் ஸ்பீக்கர் பாதி செத்துப் போயிருந்தது. கத்தினால்தான் கடைசி நடைமேடைக்குக் கேட்கும். அக்கா கத்தினாள். கூட வேலை பார்த்தவள் வராத நாட்களில் அவளுக்கும் சேர்த்துக் கத்தினாள். தொண்டை கரகரத்தபோது மிட்டாயை வாயில் ஒதுக்கிக்கொண்டு கத்தினாள். ஒரு சாயங்காலம், "துறைமுகம் வழியாகச் செல்லும்" என்று ஆரம்பித்து அடுத்த சொல்லுக்கு வாயைத் திறந்தாள். காற்றுத்தான் வந்தது.

குரல் நாணில் கட்டி என்றார் டாக்டர். ஆபரேஷனுக்கு முன்னும் பின்னுமாக ஏழு மாதம் விடுப்பு. பேசக் கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது, அது இன்னும் கெடுதல் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வெண்கலத்தை மூடி வைத்த வீடு எப்படி இருக்கும் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. எதிராளி வாயே திறக்காவிட்டால் சண்டை போடுவதில் என்ன சுவாரசியம்? எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை.

அவள் ஒரு கரண்டியைக் கையில் எடுத்துக்கொண்டாள். ஒரு தட்டு என்றால் ஆமாம், இரண்டு தட்டு என்றால் இல்லை. மாமியார், நான், இரண்டு ஆண்கள், பிள்ளைகள் எல்லோருமே அந்த பாஷைக்குப் பழகினோம். அவள் ஒரு தட்டு தட்டிவிட்டால், அடுத்த தட்டு வருகிறதா என்று எல்லோரும் கொஞ்சம் காத்திருந்து பார்ப்போம். முக்கால்வாசி நேரம் வந்துவிடும். என்னிடம் அவளுக்கு எப்போதும் இரண்டுதான்.

பிறகு பயிற்சி தொடங்கியது. டம்ளர் தண்ணீரில் ஸ்ட்ராவை விட்டு, குமிழி வரும்படி "ஊ" என்று ஊத வேண்டும். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம், சுற்றி உட்கார்ந்து அவர்களும் ஊதினார்கள். அவள் அதையெல்லாம் சட்டை செய்யாமல் காலை, மதியம், மாலை என்று ஒரு வேளை தவறாமல் ஊதினாள். முதலில் பூனைக்குட்டி முனகுவது போல இருந்தது, அப்புறம் மெல்ல ஒரு குரல் வந்தது. பழைய வெண்கலம் இல்லை, கொஞ்சம் தாழ்ந்த, பதமான குரல். அந்தப் பிடிவாதத்துக்கு நான் மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டேன். வெளியே சொல்லவில்லை, சொன்னால் தலைகால் புரியாது அவளுக்கு.

அவள் திரும்பிப் போனபோது பழைய நிலையத்தில் பதிவு செய்த குரலைப் போட்டிருந்தார்கள். வேறு இரண்டு இடங்களில் நேர்முகத் தேர்வுக்குப் போனாள். ஏழு மாத விடுப்பைப் பற்றிக் கேட்டதும் திருடியவள் மாதிரி தலையைக் குனிந்துகொண்டு, "மன்னிச்சுக்கங்க சார், உடம்பு சரியில்லாமப் போச்சு" என்றாளாம். சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். யார் சொல்லி அனுப்பினார்கள்? மிச்சம் இருந்தது ஊரின் மறுகோடியில் உள்ள பெரிய நிலையம் ஒன்றுதான். மைக்கில் மனுஷர் பேசும் இடங்களில் அவள் போய்ப் பார்க்காதது அது மட்டும்தான். அதுவும் கை நழுவினால் அவள் இனி மைக் முன்னால் உட்காரவே முடியாது. அதை நினைத்தே அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

நான் விடுவேனா? அவளைக் குனிய வைத்தவர்கள் மேல் எனக்கு ஆத்திரமான ஆத்திரம். நானே அதிகாரியாகி, சமையலறை ஸ்டூலில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து ஒத்திகை நடத்தினேன்.

"லீவு எதுக்குன்னு கேட்டா, மாமியார் படுத்த படுக்கையா இருந்தாங்க, கூட இருந்து பாத்துக்கிட்டேன்னு சொல்லுங்க. பொறுப்பான பொம்பளைன்னு நல்ல பேரும் கிடைக்கும்."

உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்த மாமியார் குரல் கொடுத்தார். "ஏம்மா, என்னைப் படுக்கையில போட்டுத்தான் உங்களுக்கு வேலை கிடைக்கணுமா?"

அக்கா சிரித்தாள். ஆனால் அந்தப் பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். மனப்பாடம் ஆகிவிட்டது என்று நான் நிம்மதியாக இருந்தேன்.

தேர்வு அன்று துணைக்கு நானும் போனேன். குரலைச் சோதிக்க வேண்டும் என்று அறிவிப்பு அறையிலேயே வைத்திருந்தார்கள். வழக்கமாக அங்கே இருப்பவரை டீ குடிக்க அனுப்பியாகிவிட்டது. நான் வெளியே, எதிரே பெஞ்சில் உட்கார்ந்தேன். அறையின் கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் மேலாளர், மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு பெண் அதிகாரி, நடுவில் அக்கா, மூவரும் நன்றாகத் தெரிந்தார்கள்.

அக்கா இரண்டு அறிவிப்புகள் வாசித்தாள். மேலாளர் தலையாட்டி மைக்கை அணைத்தார். அவருடைய கோப்பு பெரிது, மேஜையோ சின்னது. விரித்து வைத்து முழங்கையை ஊன்றியவர் சாய்ந்துகொண்டார். அடுத்த நொடி என் தலைக்கு மேலே ஸ்பீக்கர் ஒரு முறை கரகரத்தது.

"பழைய இடத்துல ஏழு மாசம் மெடிக்கல் லீவுன்னு போட்டிருக்கே. என்ன சமாச்சாரம்?"

நிலையம் முழுக்கக் கேட்டது. மூட்டை தூக்கியவர் மூட்டையோடு நின்றார். மெடிக்கல் லீவு என்று தாளிலேயே இருக்கிறதாம், நான் கட்டிய மாமியார் கதை என்ன ஆவது? ஓடிப்போய்க் கதவைத் தட்டப் பார்த்தேன். காவலாளி குறுக்கே கையை நீட்டினார்.

"இன்டர்வியூ நடக்குதும்மா. உள்ள விடக்கூடாது."

"ஐயா, அது ஊருக்கே கேக்குது!"

"கேட்டாலும் உள்ள விடக்கூடாது."

இப்படி ஒரு கடமை வீரரிடம் என்ன பேசுவது? கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அக்கா மேஜையை ஒரு முறை பார்த்தாள். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"குரல் போயிடுச்சு சார்," என்றது ஸ்பீக்கர். "மொத்தமா போயிடுச்சு. ஆபரேஷன் பண்ணித்தான் மீட்டாங்க. தொண்டை எத்தனையோ தடவை எச்சரிச்சுது, நான்தான் காது குடுக்கல. தண்ணி குடிக்க நிறுத்தினா, இவளுக்கு முடியலன்னு நினைப்பாங்களோன்னு கூச்சம்."

"அந்த ஏழு மாசமும் வீட்டுலதானா?" என்று கேட்டார் பெண் அதிகாரி.

"வீட்டுல இருப்பு கொள்ளல மேடம். பயணி மாதிரி பஸ் ஸ்டாண்டுல போய் உக்காந்து கேட்டுக்கிட்டிருப்பேன். அறிவிப்பு முடிஞ்சதும் ஜனங்க பக்கத்துல இருக்கறவங்கள, 'எந்த நடைமேடைன்னாங்க?'ன்னு கேக்கறாங்க. நானும் அப்படித்தான் கடகடன்னு ஒப்பிச்சிருக்கேன். சத்தம் வேணாம், நிதானம்தான் வேணும்னு அங்க உக்காந்தப்பதான் புரிஞ்சுது."

"சரி, திரும்பவும் குரல் போச்சுன்னா?" இது மேலாளர்.

"போக விட மாட்டேன் சார். கரகரப்பு வர்றதுக்கு முன்னாடியே நிறுத்திடுவேன். ஒரு மடக்கு தண்ணி குடிப்பேன். அது வரைக்கும் நிலையம் சும்மா இருக்கும், அதுக்கு நீங்க சம்மதிக்கணும். முன்னாடி இருந்தவ ஒரு நாள்கூட நிறுத்தாம கத்திட்டு, அப்புறம் ஏழு மாசம் மொத்தமா நிறுத்திட்டா. நான் தினமும் கொஞ்சம் கொஞ்சம் நிறுத்தறவ. யாரு வேணும்னு நீங்களே பாத்துக்குங்க."

நடைமேடையில் யாரோ கை தட்டினார்கள். இன்னும் இரண்டு மூன்று கைகள் சேர்ந்துகொண்டன. என் கண் நிறைந்துவிட்டது, ஒளிப்பானேன்?

அப்புறம்தான் அவள் சொன்னாள். "சார், இன்னொண்ணு. மைக் ஆன்ல இருக்கு."

மேலாளர் முகத்தில் ஈயாடவில்லை. "எப்பலேர்ந்து?"

"லீவு பத்திக் கேட்டீங்களே, அப்பலேர்ந்து. உங்க முழங்கை பட்டுடுச்சு."

"தெரிஞ்சுமா சொல்லாம இருந்தீங்க?"

"கேள்வி எல்லாருக்கும் கேட்டுடுச்சே சார். பதில் கேக்காமப் போனா, ஆளுக்கொரு பதிலை அவங்களே வெச்சுக்குவாங்க."

பெண் அதிகாரி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். மேலாளரின் கை பொத்தானுக்குப் போனது. அக்கா தடுத்தாள். "வெளிய மூணு வண்டி நிக்குது. எதுக்கும் இன்னும் அறிவிப்பு போகல. சொல்லிட்டு அணைச்சிடட்டுமா?"

அவள் மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். முதல் வண்டி துறைமுகத்துக்கு. ஊர்ப் பெயரைச் சொல்லி, கொஞ்சம் விட்டு, நடைமேடையைச் சொல்லி, மறுபடியும் நடைமேடையைச் சொன்னாள். இரண்டாவது வண்டியும் அப்படியே. மூன்றாவதுக்கு, "அணைக்கட்டு செல்லும் பயணிகள் கவனத்திற்கு" என்றவள் சட்டென்று நின்றுவிட்டாள்.

எல்லோரும் ஸ்பீக்கரை அண்ணாந்து பார்த்தார்கள். காற்றுத்தான் வந்தது என்று அவள் சொன்ன அந்தச் சாயங்காலம்தான் எனக்கு ஞாபகம் வந்தது. கண்ணாடியைப் பார்க்கவே பயந்து பயந்து பார்த்தேன்.

அக்கா தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டுச் சமையலறையில் நிற்பது போல, அவசரமே இல்லாமல். மேலாளர் நெளிந்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். பெண் அதிகாரி கையமர்த்தினார். அணைக்கட்டு வண்டி டிரைவர் சாவியில் வைத்த கையோடு காத்திருந்தார். டம்ளரைக் கீழே வைத்த சத்தம் நிலையம் முழுக்கக் கேட்டது.

"நடைமேடை ஐந்து," என்றது அந்தத் தாழ்ந்த குரல். "நடைமேடை ஐந்து."

கொஞ்ச நேரம் கழித்து அவள் வெளியே வந்தாள். முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. நான் பாய்ந்து போய்க் கையைப் பிடித்தேன்.

"என்னக்கா சொன்னாங்க? வேலை கிடைச்சுதா? வாயத் திறந்து சொல்லுங்களேன்!"

அவள் தொண்டையைத் தொட்டுக் காட்டினாள். நிறையப் பேசியாகிவிட்டது, இனி கொஞ்ச நேரம் ஓய்வு. எனக்கு வந்த கோபத்துக்கு அங்கேயே ஒரு சண்டை போட்டிருப்பேன். அவள் என்னை இழுத்துப் பெஞ்சில் உட்கார வைத்து, பக்கத்தில் உட்கார்ந்து, விரல் முட்டியால் பலகையில் ஒரு தட்டு தட்டினாள்.

நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு இரண்டாவது தட்டுக்குக் காத்திருந்தேன். வரவில்லை.