கமிஷனர் வீட்டு ஏஞ்சல் ஜோடி

என் தங்கச்சி புருஷனைப் பட்டறையில் எல்லோரும் கமிஷனர் என்றுதான் கூப்பிடுவோம். ஓட்டுவது லேத். ஆனால் டீ வேண்டும் என்பதைக்கூட உத்தரவு மாதிரித்தான் சொல்வார். வேலையில் கெட்டிக்காரர், அதை மறைக்க மாட்டேன். ஷாஃப்ட்டைக் கையில் கொடுத்தால் மயிரிழை பிசகாமல் கடைந்து தருவார். குடி கிடையாது, சீட்டு கிடையாது. மீன் வளர்ப்பு ஒன்றுதான். அந்த ஒன்றை வைத்துக்கொண்டே ஒரு மனுஷியை வதைக்க முடியும் என்பதை அவர் வீட்டில்தான் பார்த்தேன்.

சிக்லிட் ஜாதியில் ஏஞ்சல் என்று ஒரு மீன். தட்டையாக, பட்டம் மாதிரி இருக்கும். ஆறு குட்டி வாங்கி முன்னறைக் கண்ணாடித் தொட்டியில் விட்டார். வளர்ந்ததும் அதில் இரண்டு ஜோடி சேர்ந்துகொண்டு மற்ற நான்கையும் மூலைக்கு விரட்டி அடித்தன. நான்கையும் எடுத்துவிட்டு இவர் தீர்ப்புச் சொன்னார்: "பெருசு புருஷன், சிறுசு பொண்டாட்டி." யாரையும் கேட்கவில்லை. கேட்கிற வழக்கமும் இல்லை.

ஒருநாள் தொட்டிக்குள் சாய்த்து வைத்திருந்த கூரை ஓட்டில் முட்டைகள் வரிசையாக ஒட்டியிருந்தன. இரண்டும் மாறி மாறி துடுப்பால் விசிறின. அன்றைக்கே பட்டறை முழுக்கச் சொல்லி, முதலாளி வீட்டுக்குக் குஞ்சு தருவதாக வாக்கும் கொடுத்துவிட்டார். மறுநாளே முட்டையெல்லாம் வெளுத்து, பஞ்சு மாதிரி பூஞ்சை பிடித்துவிட்டது.

"உன் மெஷின் சத்தம்தான்டி" என்றார்.

தங்கச்சி பள்ளிச் சீருடை தைக்கிறவள். தையல் மெஷின் முன்னறை ஜன்னலோரம் இருந்தது. வீட்டில் வெளிச்சம் வருகிற இடம் அது ஒன்றுதான். அன்று மெஷின் சமையலறைக்குப் போகிற நடைக்கு நகர்ந்தது. அடுத்த முறையும் முட்டை வெளுத்தது. இந்தத் தடவை குற்றம் அவள் நிழல். தொட்டிப் பக்கம் போகக்கூடாது, திரும்பிப் பார்க்கவும் கூடாது. வாசலுக்குப் போவதென்றால் கொல்லைப்பக்கமாகச் சுற்றிப் போக வேண்டும்.

நடையில் இருந்தது ஒரு மங்கல் பல்பு. கறுப்புத் துணியில் கறுப்பு நூல் ஓட்டும்போது ஊசி நகத்தைத் துளைத்து அடியில் வந்துவிட்டது. அலறியிருக்கிறாள். இவர் முன்னறையிலிருந்து சொன்ன பதில்: "கத்தாத, மீன் மிரளுது."

கட்டுப்போட்ட விரலைப் பார்த்துவிட்டு நான் கேட்டேன். "மெஷினை ஜன்னல்கிட்டயே போட்டா என்ன மாப்ள?"

"உங்க தங்கச்சி ராசி அப்படி மச்சான். பார்வை பட்டாலே வெளுக்குது."

"அப்ப பட்டறையில உங்க பார்வை பட்டு நாங்கெல்லாம் எப்பவோ வெளுத்திருக்கணுமே."

அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

வருஷம் முழுக்க இதே கதைதான். "கமிஷனர், பேரன் பேத்தி வந்தாச்சா?" என்று பட்டறையில் கேட்பார்கள். அந்தக் கோபம் வீட்டில் வந்து இறங்கும். கடைசியில் மீன் விற்ற கடைக்காரரையே வீட்டுக்கு அழைத்து வந்தார். நானும் கூடப் போனேன். அன்றைக்கும் முட்டை போட்டுக்கொண்டிருந்தன. கடைக்காரர் குனிந்து இரண்டின் அடிவயிற்றையும் பார்த்தார். முட்டை போடும் நேரத்தில் அங்கே சின்னக் குழாய் ஒன்று நீளும். ஆணுக்கு ஊசியாக இருக்கும், பெண்ணுக்கு மழுங்கலாக இருக்கும். பார்த்தவர் தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார்.

"ரெண்டும் பொட்டைங்க சார்! நீங்க தலைகீழா நின்னாலும் குஞ்சு வராது."

நடையில் ஓடிக்கொண்டிருந்த மெஷின் நின்றது. தங்கச்சி எழுந்து வந்தாள்.

"அப்ப மெஷினை இங்க கொண்டு வரலாமில்ல?"

அவர் மன்னிப்புக் கேட்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. சரி என்ற ஒரு வார்த்தையாவது வரும் என்று நினைத்தேன்.

"ஆண் மீன் வரப்போகுது. இனிமேதான் ஜாக்கிரதையா இருக்கணும். நீ அந்தப் பக்கம் பாக்கவே கூடாது."

"பொட்டைங்க ரெண்டையும் முதல்ல பிரிச்சு வைங்க சார். பழகுற வரைக்கும் ஆணைக் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் விடுங்க. நேரா விட்டா அதுங்க ரெண்டும் அதை அடிச்சே கொன்னுடும்" என்றார் கடைக்காரர்.

"என் வீட்டு மீனைப் பத்தி எனக்குத் தெரியாதா?"

மறுநாள் காலையில் ஆணை வாங்கி வந்து நேராகத் தொட்டியில் விட்டுவிட்டு வேலைக்கு வந்தார். பகல் பூராவும் பட்டறையில் ஒரே விசில். சாயங்காலம் என்னையும் இழுத்துக்கொண்டு போனார், பெருமை காட்ட.

ஆண் மீன் ஃபில்டர் குழாயில் ஒட்டிக் கிடந்தது. துடுப்பெல்லாம் கந்தல். ஒரு கண் இல்லை, இன்னொன்று வெளியே தொங்கியது. செவுள் மட்டும் திறந்து திறந்து மூடியது. பெண் மீன்கள் இரண்டும் முட்டை போடுகிற அந்த ஓட்டைச் சுத்தம் செய்துகொண்டிருந்தன.

"பகல் பூரா வீட்லதானடி இருந்த?"

"இருந்தேன்."

"அதுங்க அடிச்சது தெரியலையா?"

"தண்ணி தெறிச்சு தரையெல்லாம் ஈரமாச்சு. சத்தம் நடை வரைக்கும் கேட்டுது. நீங்கதான பாக்கக்கூடாதுன்னீங்க?"

அவர் கை ஓங்கினார். நான் நடுவில் போய் நிற்கவும் கை இறங்கியது. இறங்கிய கை வலையை எடுத்து மீனை அள்ளிப் பக்கெட்டில் போட்டது. வெறும் பக்கெட், தண்ணீர் இல்லை. அது அதில் கிடந்து தட்டிக்கொண்டிருந்தது.

தங்கச்சி அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"அண்ணே, இந்த மெஷினை ஒரு கை பிடி."

இருவருமாகத் தூக்கி வந்து ஜன்னலோரம் வைத்தோம். தொட்டிக்கும் மெஷினுக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை. பாதி தைத்த கால்சட்டையை எடுத்து ஊசிக்குக் கீழே வைத்தாள்.

"இப்ப தைக்காத. அதுங்க மறுபடி முட்டை போடப்போகுது" என்றார். குரலில் உத்தரவு குறைந்திருந்தது. கெஞ்சல் என்றே சொல்லலாம்.

"போடட்டும். வெளுத்ததும் சொல்றேன்" என்றவள் காலை மிதியில் வைத்து அழுத்தினாள்.