முகம் காட்டப் போனவர்

எங்கள் ஒழுங்கையில் மகாதேவி அக்கா பின்னேரத்தில் வீட்டில் இருந்தால், அரியாலைப் பக்கத்தில் அன்றைக்கு ஒருவரும் சாகவில்லை என்று அர்த்தம். நான் பகிடிக்குச் சொல்லவில்லை. அவருடைய சகோதரங்கள் எல்லாரும் கனடாவில். ஊரில் சொந்தமோ, பழைய அயலோ, படிப்பித்த வாத்தியாரோ யார் செத்தாலும், தம்பி செந்தூரன் உடனே அக்காவுக்குத்தான் போன் எடுப்பான்.

"அக்கா, எங்கடை சார்பிலை ஒருக்கால் போய் முகம் காட்டிப்போட்டு வாங்கோ."

அலைச்சல் அக்காவுக்கு, மரியாதை அவர்களுக்கு. கலியாணவீட்டுக்கும் சாமத்தியவீட்டுக்கும் அப்படித்தான். ஆனால் கலியாணத்துக்குப் போகாவிட்டால் எங்கள் சனம் எப்படியும் மன்னித்துவிடும். செத்தவீட்டுக்குப் போகாதவரைச் சாகும்வரை மறக்காது.

அக்காவின் கணவர் தியாகலிங்கம் அண்ணை பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். பாரிசவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. அவருக்கு மிஞ்சியிருந்த ஆசை ஒன்றே ஒன்று: முந்நூற்றுநாலு என்கிற கடதாசிச் சீட்டு விளையாட்டு. கூட விளையாடியவர்களில் சிலர் செத்து, சிலர் வெளிநாடு போய், கடைசியில் அக்காதான் மிச்சம். தேத்தண்ணி குடித்துவிட்டு, நல்ல கையால் இரண்டு பேருக்குக் கடதாசியைப் பகிர்ந்து வைத்துக்கொண்டு இருப்பார். அக்கா வெளிறின சேலையைக் கட்டிக்கொண்டு படலையைத் திறப்பார்.

"வந்து விளையாடுறன், அப்பிடியே வைச்சிருங்கோ."

வந்தால் முழுக வேண்டும், சேலை தோய்க்க வேண்டும், இரவுச் சாப்பாடு பார்க்க வேண்டும். அதற்குள் அண்ணை நித்திரையாகிவிடுவார்.

நேரம் போதவில்லை என்று அக்காவுக்கும் தெரியும். அதனால் ஒவ்வொன்றாக விட்டார். தையல் மெஷினை மூடினார். நாடகம் பார்ப்பதை விட்டார். ஆசையாய் வளர்த்த கோழிகளை எனக்குத் தந்தார். தனக்குப் பிடித்ததை எல்லாம் விட்டு, மிச்சம் பிடித்த நேரத்தில் இன்னும் நாலு செத்தவீட்டுக்குப் போனார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உதுகளை ஏன் விடுறியள்? செந்தூரன்ரை சோலியை விடுங்கோவன்" என்று கேட்டேவிட்டேன்.

"அப்பிடிச் சொல்லாதை பிள்ளை. நாளைக்கு இவருக்கு ஒண்டெண்டால் எங்கடை வாசலுக்கு ஆர் வருவினம்?"

அண்ணைக்கும் அதே பயம் இருந்தது. ஆரவாரமாய்ப் பஸ் ஓட்டின மனிதர், ஆளில்லாமல் சுடலைக்குப் போக விரும்புவாரா?

போன மாசி மாதம் சாவகச்சேரியில் ஒரு சாவு. செந்தூரனின் மனைவி வழியில் ஏதோ சொந்தம். செத்தவரை அக்கா உயிரோடு கண்டதே இல்லை. இருந்தும் பஸ் ஏறிப் போய், வெயில் சாயத் திரும்பி வந்தார். செத்தவீட்டுத் துடக்கோடு வீட்டுக்குள் கால் வைக்கக் கூடாது அல்லவா? பின்படலையால் வந்து நேரே கிணற்றடிக்குப் போனார். உள்ளே இருந்து அண்ணை கூப்பிட்டார்.

"இந்தா, முழுகிப்போட்டு வாறன்!"

அக்கா சொன்னது வேலிக்கு இங்கால் எனக்கும் கேட்டது. வாளி வாளியாய் அள்ளித் தலையில் வார்த்தார். சேலையைத் தோய்த்து, உதறி, கொடியில் போட்டார். அண்ணை திரும்பவும் கூப்பிட்டார். அக்கா திரும்பவும் அதையே சொன்னார். உடுப்பு மாற்றிக்கொண்டு உள்ளே போனால், அண்ணை கதிரையில் இருந்து சரிந்து நிலத்தில் கிடக்கிறார். சுற்றிவரக் கடதாசிகள். எவ்வளவு நேரம் கிடந்தாரோ தெரியாது.

"கூப்பிட்டனான்" என்றாராம்.

அண்ணையை ஆசுபத்திரியால் கூட்டிக்கொண்டு வந்த அன்றே அக்கா செந்தூரனுக்கு எடுத்தார். நானும் பக்கத்தில் இருந்தேன்.

"தம்பி, இனி நான் ஒரு செத்தவீட்டுக்கும் போகேலாது."

"என்னக்கா கதைக்கிறியள்? சனம் என்ன நினைக்கும்? பேந்து அத்தாற்றை காரியத்துக்கு ஒருத்தரும் வராயினம்."

"வராட்டி விடட்டும். நான் அவர் இருக்கேக்கை அவரோடை இருக்கவேணும்."

போனை வைத்துவிட்டு அழுதார். பிடிவாதத்தில் அல்ல, பயத்தில்தான் அழுதார்.

அதற்குப் பிறகு பின்னேரம் என்றால் அந்த வீட்டில் சண்டைதான். "கள்ள விளையாட்டு!" என்று அண்ணை கத்துவார். "உங்களுக்குத்தான் கண் தெரியேல்லை" என்று அக்கா திருப்பிக் கத்துவார். பிறகு இரண்டு பேரும் சிரிப்பார்கள். பக்கத்து ஒழுங்கையில் சாவு விழுந்தபோதும் அக்கா போகவில்லை. கோயிலடியில் பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள்.

ஆவணியில் அண்ணை போய்விட்டார். கடைசிக் கிழமையில், "எனக்குச் சனம் வருமே?" என்று கேட்டாராம். "ஊரே திரண்டு வரும்" என்று அக்கா சொன்னாராம்.

எங்கே வந்தது? பந்தலுக்குள் போட்ட கதிரைகளில் முக்கால்வாசி வெறுமையாய்க் கிடந்தன. கனடாவுக்கு நேரடியாகக் காட்ட வந்த வீடியோக்காரர், வெறுங்கதிரைகள் தெரியாமல் பிரேதப் பெட்டியையே கிட்டக் கிட்டக் காட்டினார். நல்ல மனிதர். அப்படியும் செந்தூரன் போனில் கேட்டான்: "என்னக்கா, சனத்தைக் காணேல்லை?"

அக்கா போனைத் தள்ளி வைத்தார். பெட்டிப் பக்கம் குனிந்து, "பொய் சொல்லிப்போட்டன், குறை நினையாதேங்கோ" என்றார். எனக்கு அழுகையை அடக்க முடியவில்லை.

பெட்டி சுடலைக்குப் போனதும், இருந்த பெண்கள் வீட்டைக் கழுவினோம். ஒவ்வொருவராய்க் கிணற்றடிக்குப் போனார்கள். அக்காவை மட்டும் காணவில்லை. உள்ளே போய்ப் பார்த்தேன். அன்றைக்கு அண்ணை விழுந்து கிடந்த அதே இடத்தில், ஈர நிலத்தில் இருந்தார்.

"எழும்புங்கோக்கா, தலையிலை தண்ணி வார்ப்பம்" என்று கையைப் பிடித்தேன்.

அக்கா கையை இழுத்துக்கொண்டார்.

"நில் பிள்ளை. அண்டைக்கு மனுசன் கூப்பிடக் கூப்பிட முழுகினனான். இண்டைக்கு ஒரு அவசரமும் இல்லை, ஆறுதலாய் முழுகிறன்."